வார்ப்பிரும்பில் முறிந்த போல்ட்: ஓர் அம்பாசிடர் எஞ்சின் வேலை

மாமாவின் அம்பாசிடர் 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு தெர்மோஸ்டாட். அதன் மூடியை எஞ்சின் ஹெட்டோடு, அதாவது எஞ்சினின் மேல்பாகத்தோடு, சேர்த்துப் பிடிக்கும் மூன்று பிடிப்புகளில் ஒன்று, வண்டி என் கைக்கு வரும்போதே முறிந்திருந்தது. முன்பு வேலை பார்த்தவர் முறிந்த துண்டை எடுக்காமல், மூடியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசையைத் தடிமனாக அப்பி அனுப்பிவிட்டார். அது கொஞ்ச காலம் தாங்கியிருக்கிறது. பிறகு எஞ்சின் சூடேறும்போதெல்லாம் பசையின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து, ஹெட்டின் முன்பக்கம் முழுவதும் துருக் கோடுகள் இறங்கிவிட்டன. ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் போய்த் திரும்புவதற்குள் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துவிடுகிறது என்றார் மாமா. "ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள் மாப்பிள்ளை. நீ ஒரு தடவை பார்த்துச் சொல்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஹெட்டைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் மூடி இந்த எஞ்சினில் ஹெட்டின் முன்முனையில், மேல்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் நேராகக் கை போகும். டிரில்லைச் செங்குத்தாகப் பிடிக்க இடமும் உண்டு. அதை விட்டுவிட்டு ஹெட்டைத் தூக்கினால் ராக்கர், மேனிஃபோல்டு, குழாய்கள், ஹெட் கேஸ்கெட் என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். நாற்பது வருடம் சூட்டில் கிடந்த மற்ற ஸ்டட்களில் (இரு முனையிலும் மரை, அதாவது திருகுவரி, வெட்டிய தலையில்லாத கம்பிகள்) இன்னும் ஒன்றிரண்டு முறியலாம். ஒரு போல்ட்டுக்காகப் பத்துப் போல்ட்டுகளைச் சோதிப்பது சரியான வேலை அல்ல.

எஞ்சினைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முறிவின் காரணம் அதில்தான் இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரைத் தழுவி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அம்பாசிடர். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை. ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு. இதன் போல்ட், ஸ்டட், நட்டுகளில் மில்லிமீட்டர் மரை கிடையாது, அங்குல அளவுதான். 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து ஒப்புக்கொண்ட யூனிஃபைடு மரைகள் இவை: யு.என்.சி. என்பது கரட்டு மரை, யு.என்.எஃப். என்பது நுண்மரை. தெர்மோஸ்டாட் மூடியின் ஸ்டட்கள் 5/16 அங்குலம். வார்ப்பிரும்புக்குள் போகும் முனையில் அங்குலத்துக்கு 18 சுற்று உள்ள கரட்டு மரை. மேலே நட்டு ஏறும் முனையில் 24 சுற்று உள்ள நுண்மரை. உள்ளே கரட்டு மரை வைத்ததற்குக் காரணம், வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை உள்ளது. நுண்ணிய மரையைவிடத் தடித்த மரை அதில் நன்றாக நிற்கும்.

மூடியைக் கழற்றுவதே முதல் பெரிய வேலையாக இருந்தது. மிச்சமிருந்த இரண்டு நட்டுகளின் முனைகளும் மழுங்கியிருந்தன. 5/16 நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பானர் வேண்டும், அதாவது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானரும் போய் உட்காரும், ஆனால் தளர்வாக உட்காரும். பலமாகத் திருகினால் நட்டின் ஆறு முனைகளையும் சீவிவிடும். இந்த வண்டியில் யாரோ தொடர்ந்து 13 ஸ்பானரையே போட்டு வந்திருக்கிறார் என்பது அந்த மழுங்கலிலேயே தெரிந்தது. அதை அப்போது மனதில் குறித்துக்கொண்டதோடு சரி.

பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிரித்து அடைத்து, தூரமாகக் கட்டிவிட்டேன். தீயணைப்பானைக் கையெட்டும் இடத்தில் வைத்தேன். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் டார்ச் பிடிக்கப் போகிறவர்கள் இதில் எதையும் தவிர்க்கக் கூடாது. ரேடியேட்டரை வடித்தபோது வந்தது செந்நிறக் குழம்பு. கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓடிய வண்டி.

நட்டுகளில் துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் சின்ன கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கினேன். நட்டு முதலில் சூடாகி விரியும். உள்ளே இருக்கும் ஸ்டட்டுக்குச் சூடு பின்னால்தான் போகும். அந்த இடைவெளியில் திருக வேண்டும். ஆறுமுக ரிங் ஸ்பானரைப் போட்டு, கழற்றும் பக்கம் போகாமல் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு அசைத்தேன். பிறகு கழற்றும் பக்கம். இந்த இடத்தில் கைதான் கருவி. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு இளகினால் துரு விட்டுவிட்டது என்று பொருள். சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெதுமெதுவென்று கொடுத்துக்கொண்டே வந்தால் ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். முதல் நட்டு டக்கென்று விட்டது. இரண்டாவது மெதுவாகக் கொடுத்தது. நிறுத்தி, மறுபடி சூடாக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத்தான் எடுத்தேன்.

நட்டுகள் வந்த பிறகும் மூடி வரவில்லை. மூடி அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே நட்டு இல்லாமலேயே ஸ்டட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு டார்ச் தேவையில்லை. கொதிக்கும் தண்ணீரை மூடியின் மேல் மெதுவாக ஊற்றினேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஊற்றுவது, மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுவது, மறுபடி ஊற்றுவது என்று போனதில், மூடி முதலில் ஒரு பக்கம் ஆடியது. பிறகு வெள்ளைப் பொடியை உதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. திருப்புளியை இடையில் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழும். பிறகு எந்த கேஸ்கெட்டும் கசிவை நிறுத்தாது.

தெர்மோஸ்டாட்டை எடுத்ததும் கீழே தண்ணீர் அறையின் வாய் திறந்து கிடக்கும். அதில் ஒரு துணியைச் செருகி, துணியில் நூல் கட்டி, நூலை வெளியே விட்டேன். டிரில் போடும்போது விழும் இரும்புத் துகள் உள்ளே போகவே கூடாது.

இப்போதுதான் முறிந்த போல்ட்டின் முகத்தைப் பார்க்க முடிந்தது. ஹெட்டின் மேற்பரப்புக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் கீழே, துருவும் பசையும் மூடிக் கிடந்தது. பசையைச் சுரண்டி, வினிகரில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்துத் துருவை இளக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். போல்ட் முறியும் விதம் அதன் முகத்தில் தெரியும். நாள்பட்ட அதிர்வில் சிறு வெடிப்பு விட்டு, வளர்ந்து வளர்ந்து முறிந்திருந்தால் ஒரு பக்கம் வழவழப்பாகவும், அதில் வரிவரியாக வளைகோடுகளும் இருக்கும். கடைசியில் பட்டென்று விட்ட பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். முறுக்கி முறித்ததாக இருந்தால் முகம் தட்டையாக இருக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுழன்று போகும் மெல்லிய கோடுகள் தெரியும். இங்கே துரு தின்றது போக மிஞ்சிய இடத்தில் சுழல்கோடுகள் இருந்தன. ஸ்பானரால் முறுக்கி முறித்தது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் கழற்றும்போது முறிந்ததா, இறுக்கும்போது முறிந்ததா? வேலையின் போக்கையே மாற்றும் கேள்வி இது. அளவுக்கு மீறி இறுக்கி, தலை மட்டும் பறந்துபோன போல்ட்டின் மிச்சத் துண்டு பெரும்பாலும் மரைக்குள் தளர்வாகத்தான் இருக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த தலைதான் போய்விட்டதே. கூர்மையான 'பஞ்ச்' கருவியை ஓரத்தில் சாய்த்து வைத்து, இடப்பக்கமாகத் தட்டினாலே சுழன்று வந்துவிடும். துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் முறிந்தது என்றால் அப்படி வராது. பஞ்ச் கருவியை வைத்துத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அப்படியானால் துரு என்று வைத்துக்கொண்டு, துருவுக்கான வைத்தியத்தைத் தொடங்கினேன்.

வார்ப்பிரும்பில் சூடு செய்கிற வேலை, அலுமினிய ஹெட்டில் செய்கிற வேலை அல்ல. அலுமினியத்தில் முறிந்த எஃகு போல்ட் என்றால், சூடேற்றும்போது துளை போல்ட்டைவிட அதிகமாக விரிந்து பிடி தளரும். வார்ப்பிரும்பும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரிகின்றன. அதனால் துளை திறந்துகொடுக்காது. சூடு இங்கே துருவின் ஒட்டலை உடைக்கும்; இளக்கும் எண்ணெயோ மெழுகோ இடுக்கில் இறங்க வழி செய்யும். அவ்வளவுதான். சுற்றியுள்ள இரும்பைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, டார்ச்சை எடுத்துவிட்டு, சாதாரண மெழுகுவர்த்தியை முறிவின் மேல் வைத்தேன். மெழுகு உருகி மரை ஓரத்தில் இறங்கியது. தானாக ஆறும் வரை காத்திருந்தேன்; சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். மறுபடி பஞ்ச் கருவியால் தட்டினேன். இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை.

பற்றவைத்து எடுக்கும் முறை பலருக்கும் நினைவுக்கு வரும். திருச்சியில் அதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. திருவெறும்பூர் பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழில் இது. கை சுத்தமான வெல்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முறிந்த போல்ட் மேற்பரப்புக்கு மேலே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் நான் முதலில் அவர்களிடம்தான் போவேன். ஒரு வாஷரை வைத்து, அதன் மேல் நட்டை வைத்து, நட்டின் நடுவில் பற்றவைத்து நிரப்பினால் நட்டு போல்ட்டோடு ஒன்றாகிவிடும். அந்தக் கடும் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை உடைத்துக்கொள்ளும். பிடிவாதமான எக்ஸாஸ்ட் ஸ்டட்கள்கூட இதில் வந்துவிடுகின்றன. ஆனால் இது மேற்பரப்புக்குக் கீழே இறங்கிய துண்டு. சுற்றிலும் வார்ப்பிரும்பு மரை. பற்றவைக்கும் உலோகம் பக்கச் சுவரைத் தொட்டால் அந்த இடத்தில் வார்ப்பிரும்பு கண்ணாடி போல் கடினமாகிவிடும். பிறகு சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் ஈசி அவுட். போல்ட்டின் நடுவே துளையிட்டு, இடப்பக்க மரையுள்ள கூம்பு வடிவக் கம்பியை அதில் திருகி எடுக்கும் முறை. கடையில் செட்டாக விற்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டே ஸ்பானரின் முறுக்குக்குத் தாங்காமல் முறிந்திருக்கிறது. அதைவிட மெல்லிய ஈசி அவுட் அதே பிடியை எப்படித் தாங்கும்? போதாக்குறைக்கு அது கூம்பாக இறங்குவதால் போல்ட்டை உள்ளிருந்து விரித்து மரையோடு இன்னும் அழுத்துகிறது. முறிந்தால் கடினமேற்றிய எஃகு துளைக்குள் நின்றுவிடும். அதை எடுக்க கார்பைடு பிட் வேண்டும், அல்லது ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். தளர்வாக நிற்கும் துண்டுக்கு ஈசி அவுட் நல்ல கருவி; இறுகி நிற்கும் துண்டுக்கு அது இன்னொரு முறிவு.

வீட்டு வாசலில் கட்டும் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, முறிந்த எஃகைக் கரைத்தெடுக்கும் பழைய வழி ஒன்று உண்டு. பித்தளை, அலுமினியப் பாகங்களில் சிக்கிய எஃகுத் துண்டுக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் அதைக் கையாள்வார்கள். வார்ப்பிரும்பில் அது உதவாது. போல்ட்டைத் தின்பதோடு ஹெட்டையும் தின்றுவிடும்.

ஆக, துளையிட்டே எடுப்பது என்று முடிவானது. இதில் முக்கால் பங்கு வேலை, துளையை நடுவில் தொடங்குவது. முறிவு முகம் மேடுபள்ளமாக இருப்பதால் டிரில் வழுக்கி ஓரத்துக்கு ஓடும். மேற்பரப்போடு சமமாக இருந்தால் அரத்தால் தட்டையாக்கி, சென்டர் பஞ்சால் நடுவில் குறியிடலாம். 2 மில்லிமீட்டர் பள்ளத்தில் அரம் போகாது. டிரில் ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட ஒரு பக்கம் மரையைத் தின்றுவிட்டு, மறுபக்கம் போல்ட்டை அப்படியே விட்டுவிடும்.

இதற்குத் தெர்மோஸ்டாட் மூடியையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். மூடியின் மூன்று துளைகளும் ஹெட்டின் துளைகளுக்கு நேராக அமைந்தவை. இரண்டு ஸ்டட்கள் நன்றாகவே நிற்கின்றன. மூன்றாவது துளையின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதில் கச்சிதமாக இறங்கும் இரும்பு புஷ் (சிறு குழல்) இரண்டு கடைந்து தரச் சொன்னேன்: ஒன்றின் நடுவே 3.2 மில்லிமீட்டர் துளை, இன்னொன்றில் 5 மில்லிமீட்டர். லேத் பட்டறை அண்ணன் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஓட்டையே ஒரு பக்கம் அரித்திருக்கிறது. அரித்த பக்கம் பார்த்து அளக்காதீர்கள், மேல் ஓரத்தில் அளங்கள்" என்றார். அவரே மறுபடி அளந்து, புஷ்ஷின் அடிமுனையைக் கொஞ்சம் மெல்லிசாக நீட்டிக் கடைந்தார். அந்த நீட்டல் ஹெட்டின் பள்ளத்துக்குள் இறங்கி முறிவு முகத்தைத் தொடும். பிட்டுக்கு நடுவில் அலைய இடமே இருக்காது. அது எனக்குத் தோன்றாத யோசனை.

மூடியைப் பழையபடி வைத்து, இரண்டு நட்டுகளை இறுக்கி, புஷ்ஷைச் செருகினேன். புதிய 3.2 கோபால்ட் பிட், மெதுவான சுற்று, சொட்டுச் சொட்டாக எண்ணெய். பிட்டின் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி இறக்கி... எஃகிலிருந்து வருவது வெள்ளிநிறச் சுருள். வார்ப்பிரும்பிலிருந்து வருவது கரும்பொடி. இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. சுருளோடு கரும்பொடி கலந்தால் பிட் விலகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கடைசி வரை சுத்தமான சுருள்தான் வந்தது.

7 மில்லிமீட்டர் இறங்கியிருப்பேன். பிட் சட்டென்று வெறுமையில் இறங்கியது.

நிறுத்தினேன். ஆழத்தைப் பார்த்து வைக்கப் பிட்டில் டேப் சுற்றியிருந்தேன். கணக்கில் இன்னும் பாதி ஆழம் பாக்கி. தண்ணீர் அறையை ஓட்டையாக்கிவிட்டோமோ என்று ஒரு கணம் வயிறு கலங்கியது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தேன். 16 மில்லிமீட்டரில் கெட்டியான அடி தட்டுப்பட்டது. ஆக, போல்ட் துளையின் அடிவரை போகவே இல்லை. பாதி வழியில் நின்றிருக்கிறது. அப்படியானால் இது துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் முறிந்தது அல்ல. உள்ளே போகும்போதே சிக்கி, சிக்கியதை மேலும் இறுக்கியதால் முறிந்தது. மழுங்கிய நட்டுகளும் 13 ஸ்பானரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. 13 ஸ்பானர் எந்தப் போல்ட்டுக்கு? எம்8 போல்ட்டுக்கு. மூன்றாவது ஸ்டட்டின் இடத்தில் யாரோ அதைத் திருகியிருக்கிறார்.

5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை வேறு. 18 சுற்று யு.என்.சி. மரையில் ஒரு சுற்றுக்கு 1.41 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், எம்8இல் 1.25. முதல் ஓரிரு சுற்று கையாலேயே ஏறும்; சரியான போல்ட் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 0.16 மில்லிமீட்டர் முரண். ஐந்து சுற்றில் 0.8. மரையின் பல்லும் துளையின் பல்லும் ஒன்றை ஒன்று ஏறி மிதிக்கின்றன. வார்ப்பிரும்பின் பல் நொறுங்குகிறது. போல்ட் ஆப்பாக நிற்கிறது. இன்னும் பலமாகத் திருகினால் முறியாமல் என்ன செய்யும்?

எண்ணெயும் மெழுகும் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுதான் விடை. இளக்குவதற்கு அங்கே துரு பெரிதாக இல்லை. சுழற்றி எடுக்கும் எந்த முறையும் இனி உதவாது. போல்ட்டை உள்ளிருந்து தின்று, ஓடாக்கி, மடக்கித்தான் எடுக்க வேண்டும். ஈசி அவுட்டை இறக்கியிருந்தால் அது கட்டாயம் முறிந்திருக்கும்.

இரண்டாவது புஷ்ஷை வைத்து 5 மில்லிமீட்டர் பிட்டை விட்டேன். பிறகு மூடியை எடுத்துவிட்டு, நடுவில் விழுந்த துளையையே வழியாகக் கொண்டு 6 மில்லிமீட்டர், அதன்பின் 6.5. இந்தக் கடைசி எண் முக்கியம். 5/16 யு.என்.சி. மரை வெட்டுவதற்கு முன் போடவேண்டிய துளை 6.5 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரையை நாமே அழிக்கிறோம். 6.5இல் நின்றால் போல்ட்டின் உடல் போய்விடும். அதன் மரைப்பல் மட்டும் மெல்லிய ஓடாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மழுங்கிய ஊசி ஒன்றைத் தீட்டிச் சின்ன உளியாக்கினேன். ஓட்டின் மேல் ஓரத்தில் ஒரு இடத்தைப் பிடித்து உள்பக்கமாக மடக்கினேன். மடங்கிய நுனியைக் கூர்மூக்குக் குறடால் பிடித்து, அவசரப்படாமல், திருகித் திருகி இழுத்தேன். முதலில் ஒரு துணுக்கு ஒடிந்து வந்தது. அடுத்துப் பிடித்தபோது, இரண்டரைச் சுற்று நீளத்துக்கு ஒரே இழையாக, சின்ன ஸ்பிரிங் போலச் சுருண்டு வந்தது. அதைக் காகிதத்தில் வைத்துத் துடைத்து, புதிய எம்8 போல்ட் ஒன்றின் மரைமேல் பொருத்தினேன். பள்ளத்துக்குப் பள்ளம் அப்படியே உட்கார்ந்தது. பக்கத்து ஸ்டட்டின் கரட்டு மரைக்கான பிட்ச் கேஜை (மரை இடைவெளியை அளக்கும் பல் தகடு) வைத்தபோது இரண்டாவது பல்லிலேயே விலகியது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது" என்றார். ஆமாம், அதுதான் கோளாறு.

மிச்சத் துணுக்குகளைக் காந்தக் குச்சியால் எடுத்தேன். இனி மரையைச் சுத்தம் செய்ய 5/16 யு.என்.சி. டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) வேண்டும். கடையில் 5/16 என்று கேட்டால் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) டாப்பைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் அங்குல டாப் என்றால் அதுவே புழக்கம். அதிலும் அங்குலத்துக்கு 18 சுற்றுதான், போட்டால் இறங்கிவிடும். ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. யூனிஃபைடு மரை 60 பாகை. ஏற்கெனவே அடிபட்ட மரையில் தவறான கோணத்தை ஓட்டினால் மிச்சமிருக்கும் பல்லும் மெலியும். யு.என்.சி. டாப் செட்டைத் தனியாக வரவழைத்துக் காத்திருந்தேன். வண்டி சும்மா நின்றதில் மாமாவுக்கு மனக்குறைதான். ஆனாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்று டாப்களில் கூர்முனை உள்ளதை முதலில் எடுக்காமல் இரண்டாவதைக் கையாலேயே நுழைத்தேன். மேல் மரைகள் சிதைந்திருப்பதால், டாப் கீழே உள்ள நல்ல மரையைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். அதற்காகச் சிறு மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துச் செங்குத்தைப் பார்த்துக்கொண்டேன். நல்ல மரையில் டாப் விழும்போது விரலில் தெரிகிறது. எதிர்ப்பு போய், வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கடைசியில் தட்டை முனை டாப்பால் அடிவரை சுத்தம் செய்தேன்.

மேலே 7 மில்லிமீட்டர் வரை மரை பெரும்பாலும் போய்விட்டது. கீழே 8 மில்லிமீட்டர் பழுதில்லாமல் இருக்கிறது. போதுமா என்றால், இந்த இடத்துக்குப் போதும். ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழம் அது. தெர்மோஸ்டாட் மூடியில் வரும் அழுத்தமும் குறைவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டாகவோ, அதைவிடப் பலமாக இறுக்கும் இடமாகவோ இருந்திருந்தால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் வைத்திருப்பேன். அது எவர்சில்வர் கம்பியால் ஆன மரைச்சுருள். பழைய அளவு போல்ட்டையே மறுபடி போடலாம், பிடியும் பழையதைவிட உறுதி. ஆனால் நல்ல இரும்பு இருக்கும்போது அதைக் குடைந்து எறிய எனக்கு விருப்பமில்லை. வருங்காலத்தில் தேவைப்பட்டால் ஹெலிகாயிலுக்கு அந்த இரும்பு அப்படியே காத்திருக்கிறது.

போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டதும் இதே காரணத்தால்தான். போல்ட் போட்டால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வார்ப்பிரும்பு மரையே தேயும். ஸ்டட் ஒரு முறை இறங்கினால் அங்கேயே நிற்கும். தேய்வதெல்லாம் மேலே நட்டின் மரை. வடிவமைத்தவர்கள் ஸ்டட் வைத்தது இதற்காகத்தான். பழையதைவிடக் கொஞ்சம் நீளமான ஸ்டட்டை அண்ணனே கடைந்து கொடுத்தார், ஒரு முனை 18, மறுமுனை 24. மரையில் சீலன்ட் தடவி, இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டிப் பிடித்து, அடியைத் தொடும்வரை இறக்கினேன். அடியில் போய் முட்டிய பிறகு மேலும் திருகவில்லை.

மீதி வேலை சீக்கிரமே முடிந்தது. கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, மூடியின் முகத்தை எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்கினேன். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், பாதிதான் திறந்தது. புதியது வாங்கி, ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்க வைத்தேன். துணியை நூலைப் பிடித்து வெளியே எடுத்து, புதிய காகித கேஸ்கெட் வைத்து, மூன்று நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். ஸ்டட்கள் மூடிக்குள் போகும் இடத்தில் செம்புப் பசை தடவியிருக்கிறேன். அடுத்தவருக்குக் கொதிநீர் தேவைப்படாது. செந்நிறத் தண்ணீர் தெளியும்வரை எஞ்சினை அலசி, கூலன்ட் நிரப்பினேன். எஞ்சின் சூடாகி, மேல் குழாய் சூடேறி, ஆறிய பிறகு நட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். கேஸ்கெட் படிந்ததில் சிறிது கொடுத்தன, அவ்வளவுதான். கசிவு இல்லை.

13 ஸ்பானரை மாமாவின் கருவிப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, 1/2 அங்குல ரிங் ஸ்பானரை வைத்தேன். பானெட்டின் உள்பக்கம் வெள்ளை பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: 'எஞ்சினில் அங்குல மரை மட்டும். எம்8 போடாதீர்கள்.'